பாட்டும் சரி, பிளேயரும் சரி, இயர்போனும் சரி. மூன்றும் சேர்ந்தால் மட்டும் குரல் காணோம்

ரயில்டீச்சர்:

வணக்கம். தலைப்பைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். இரண்டு வாரமாக இதோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

மயிலாடுதுறையிலிருந்து கும்பகோணத்துக்குத் தினமும் ரயிலில் போய் வரும் பள்ளி ஆசிரியை நான். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. போனில் பாட்டுக் கேட்டால் பெற்றோர் குழுச் செய்திகள் டிங் டிங் என்று நடுவில் வந்து விழும். அதனால் பாட்டுக்கு மட்டும் என்று தீப்பெட்டி அளவில் ஒரு பிளேயர் வாங்கினேன், 3,200 ரூபாய். இயர்போன் புதிதாக வாங்கவில்லை. பழைய போனோடு வந்தது ஒன்று இருந்தது, மைக்கும் பொத்தானும் வைத்தது. அதையே மாட்டிக்கொண்டேன்.

பிளேயரில் இருப்பது இரண்டு வகை. ஒன்று சினிமாப் பாட்டு, பழையது புதியது எல்லாம். இன்னொன்று அப்பாவின் கேசட்டுகள். தபால் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். சுற்றுவட்டாரக் கோயில் திருவிழா ஒன்று விடாமல் டூ-இன்-ஒன்னைத் தூக்கிக்கொண்டு போய் நாகஸ்வரத்தைப் பதிவு செய்து வருவார். 41 கேசட். போன வருடம் ஒரு கடையில் கொடுத்து எம்பி3 ஆக்கி வாங்கினேன்.

இப்போது சிக்கல். எண்பதுகளுக்குப் பிந்தைய பாட்டுகளில் வயலின் எல்லாம் ஜோராகக் கேட்கிறது, பாடுகிறவர் மட்டும் கிணற்றுக்குள் நின்று பாடுகிறார். அறுபதுகளின் பாட்டுகளோ கிட்டத்தட்ட இல்லவே இல்லை, கொசு பாடுவது போல ஏதோ. அப்பாவின் கேசட்டில் வெறும் 'உஸ்ஸ்'. வால்யூமைக் கடைசி வரை வைத்தால் எங்கோ நாலு தெரு தள்ளி நாகஸ்வரம் வாசிப்பது போல ஒரு பிரமை.

அதே பாட்டுகள் வீட்டுக் கணினி ஸ்பீக்கரில் நன்றாக இருக்கின்றன. அதே இயர்போன் என் போனில் நன்றாக இருக்கிறது. அப்படியானால் பிளேயர்தான் கெட்டுப்போனது என்று வாங்கிய கடைக்கே கொண்டுபோனேன். கடைக்காரப் பையன் தன் ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு, "சூப்பரா இருக்கே மேடம்" என்று என் காதிலும் வைத்தான். உண்மையிலேயே சூப்பராகத்தான் இருந்தது! வெளியே வந்து என் இயர்போனை மாட்டினால் மறுபடியும் கிணறு. "உங்க பாட்டெல்லாம் குவாலிட்டி கம்மி, 6,000 ரூபாய்க்கு ஒரு ஆம்ப் இருக்கு, போட்டா சரியாகிடும்" என்கிறான். ஆம்ப் என்றால் சத்தத்தைப் பெருக்கும் பெட்டியாம்.

ஈக்வலைசரில் ராக், பாப், ஜாஸ், பாஸ் பூஸ்ட் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். கிணற்றின் ஆழம் மாறுகிறது, அவ்வளவுதான். ஆம்ப் வாங்குவதா, இயர்போன் வாங்குவதா, பாட்டையெல்லாம் புதிதாகத் தேடுவதா?

பாஸ்பாண்டி:

அக்கா, போனோடு சும்மா வரும் இயர்போனில் இதுதான் கிடைக்கும். நான் சொல்வதைக் கேளுங்கள், ஒரு நல்ல டாக் (டிஜிட்டல் பாட்டை இயர்போனுக்கான மின்சாரமாக மாற்றும் கருவி) வாங்குங்கள். இல்லையென்றால் எல்டாக் (ப்ளூடூத்தில் தரமாகப் பாட்டு அனுப்பும் முறை) உள்ள ப்ளூடூத் ஹெட்போனுக்குப் போய்விடுங்கள், 990 கேபிபிஎஸ் (நொடிக்கு 990 கிலோபிட்) வரை போகும், ஒயர் தொல்லையே இல்லை. நான் வீட்டில் வைத்திருப்பது சென்ஹைசர் எச்டி 600. அதன் மின்தடை 300 ஓம், ஆம்ப் இல்லாமல் அதில் உயிரே வராது. ஆம்ப் போட்ட அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. நல்ல சத்தம் வேண்டுமென்றால் செலவு பண்ணத்தான் வேண்டும்.

சும்மாஇரு:

கேசட்டை மாற்றிக் கொடுத்த கடையில் 128 கேபிபிஎஸ்ஸில் போட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் ஃப்ளாக்காகவோ (தகவல் இழக்காத கோப்பு வகை) 320-ஆகவோ மாற்றிப் பாருங்கள். கணினியில் இலவச மென்பொருள் இருக்கிறது, ஒரு ராத்திரி ஓடவிட்டால் முடிந்துவிடும்.

கேசட்காரர்:

டீச்சரம்மா, பர்ஸை மூடுங்கள். ஒரு பைசா செலவு செய்ய வேண்டாம், இப்போதைக்கு.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. 1986 முதல் 2003 வரை கும்பகோணத்தில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவன். பேப்பரில் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவார்கள், 60 நிமிடக் கேசட்டா 90-ஆ என்று கேட்டுப் பதிவு செய்து கொடுப்பேன். அதனால் எந்தச் சத்தம் எங்கே தொலைந்தது என்று தேடுவது எனக்குப் பழகிப்போன வேலை.

128-ஐ 320-ஆக மாற்றச் சொன்ன தம்பிக்கு: வடிகட்டிய டீயில் இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றினால் டம்ளர் நிறையும், டீ நிறையாது. போன தகவல் போனதுதான்.

டீச்சர் எழுதியதில் எனக்குப் பிடித்தது எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பிரித்துச் சொன்னது. பெரும்பாலானவர்கள் "சவுண்டு சரியில்லை" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். வயலின் இருக்கிறது, குரல் இல்லை. பழைய பாட்டு மொத்தமும் இல்லை. இது தரம் குறைந்த சத்தம் இல்லை, கழித்தல் கணக்குப் போட்ட சத்தம்.

இரண்டு காரியம் செய்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

இயர்போன் பின்னில் எத்தனை கறுப்பு வளையம் இருக்கிறது, இரண்டா மூன்றா? அப்புறம், பிளேயரில் அப்பாவின் கேசட் ஒன்றை ஓடவிட்டு, இயர்போன் மைக்கில் இருக்கும் பொத்தானை, நடுவில் உள்ளதை, அழுத்தி விடாமல் பிடித்துக்கொண்டு கேளுங்கள். வால்யூமை முதலில் நன்றாகக் குறைத்துவிடுங்கள். மறக்காமல்.

ரயில்டீச்சர்:

ஐயா, மூன்று வளையம்.

பொத்தானை அழுத்தினேன். நீங்கள் சொன்னபடி வால்யூமைக் குறைத்திருந்தேன், நல்லவேளை. சட்டென்று பக்கத்தில் வந்து நின்றது போல அப்பா பேசினார். ஒவ்வொரு கேசட் ஆரம்பத்திலும் ஊர் பெயரும் தேதியும் சொல்லுவார், தபால் முத்திரை குத்துகிற மாதிரி. "திருவிடைமருதூர். தைப்பூசம். ராத்திரி பதினொண்ணரை" என்றார். விரலை எடுத்தேன், போய்விட்டார். மறுபடி அழுத்தினேன், வந்தார். ஆடுதுறை வருகிறவரை இதையே செய்துகொண்டிருந்தேன். எதிர் சீட்டில் இருந்த அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

விரல் வலிக்கிறது. என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள்.

கேசட்காரர்:

நினைத்தேன்.

இயர்போன் பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் உலோகப் பகுதி மூன்று: நுனி இடது காது, அடுத்தது வலது காது, அடிப்பாகம் கிரவுண்ட். மின்சாரம் போய்த் திரும்பி வர ஒரு பொது வழி வேண்டுமே, அதுதான் கிரவுண்ட். மைக் வைத்த இயர்போனில் வளையம் மூன்று, உலோகப் பகுதி நான்கு. இப்போது புழக்கத்தில் உள்ள போன்களுக்கு ஏற்றபடி மூன்றாவது பகுதி கிரவுண்ட், அடிப்பாகம் மைக்.

உங்கள் பிளேயரின் துளை மூன்று பகுதிப் பின்னுக்காகச் செய்தது. கிரவுண்டை அடிப்பாகத்தில் தேடுகிறது. உங்கள் பின்னின் அடிப்பாகத்தில் இருப்பதோ மைக் ஒயர். ஆக கிரவுண்ட் அறுந்த மாதிரி. எல்லாப் பிளேயரிலும் இப்படி ஆகாது. பல துளைகளில் உள்ளே இருக்கும் தகடு மூன்றாவது பகுதியையும் சேர்த்துத் தொட்டுவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. உங்களுடையதில் தொடவில்லை.

கிரவுண்ட் இல்லாவிட்டால் இரண்டு காதின் சின்ன ஸ்பீக்கரும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராகிவிடும். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் அவற்றின் வழியே ஓடும். ஒரு குழாயின் இரண்டு முனையிலும் ஒரே அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளினால் நடுவில் தண்ணீர் நகராது இல்லையா, அதேதான். ஸ்டீரியோ பாட்டில் பாடகர் குரலை நடுவில் வைப்பார்கள், அதாவது இரண்டு பக்கமும் ஒரே அளவு. அது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். குரலோடு சேர்த்த எதிரொலி மட்டும் மிஞ்சும், அதுதான் நீங்கள் சொன்ன கிணறு. வயலின்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பரப்பியிருப்பார்கள், அவை தப்பிக்கும். அறுபதுகளின் பாட்டு மோனோ, இரண்டு பக்கமும் ஒன்றே, மொத்தமும் காலி. அப்பாவின் கேசட்டும் மோனோ. அதில் மிஞ்சிய 'உஸ்' எங்கிருந்து வந்தது என்றால், டேப்பின் இரைச்சல் மட்டும் ஒவ்வொரு பக்கத்துக்கும் வேறுவேறு.

பொத்தானை அழுத்தினால் மைக் ஒயரும் கிரவுண்டும் உள்ளே ஒட்டிக்கொள்ளும். பொத்தான் வேலை செய்வதே அப்படித்தான், போனுக்கு அது ஒரு சைகை. உங்களுக்கோ அறுந்த வழி கூடிவிடுகிறது. போனில் ஏன் சரியாக இருந்தது என்றால் போனின் துளை நான்கு பகுதிக்கானது. கடைக்காரப் பையனின் ஹெட்போனில் மைக் இருந்திராது. ஆக எல்லோரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஆம்ப் விஷயம் நீங்கலாக. ஆம்ப் வாங்கியிருந்தால் கிணறு இன்னும் சத்தமாகக் கேட்டிருக்கும்.

இதை எப்படி உடனே பிடித்தேன் என்று கேட்டால், நானே காசு வாங்கிக்கொண்டு இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறேன். தொண்ணூறுகளில் மெல்லிசைக் குழுக்காரர்கள் வந்து "குரல் இல்லாமல் மியூசிக் மட்டும் வேண்டும், ஊரில் பையன் பாடப்போகிறான்" என்பார்கள். ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கி இன்னொரு பக்கத்தோடு சேர்த்தால் குரல் போய்விடும். கூடவே தபேலாவும் பாஸ் கிடாரும் போய்விடும், அவையும் நடுவில் இருப்பவைதானே. "என்னண்ணே, மிருதங்கத்தையும் சேர்த்துத் தின்னுட்டீங்க" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார்.

சரி, தீர்வு. மைக் இல்லாத, இரண்டு வளைய இயர்போன் வாங்கினால் முடிந்தது கதை. இருப்பதையே வைத்துக்கொள்ள ஆசையென்றால், ஹெட்போன் ஒரு பின், மைக் ஒரு பின் என்று இரண்டாகப் பிரிக்கும் குட்டி ஒயர் கணினிக் கடையில் கிடைக்கும். ஹெட்போன் படம் போட்ட பின்னைப் பிளேயரில் செருகிவிட்டு மற்றதைத் தொங்கவிடுங்கள். பின்னைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்தாலும் சில சமயம் குரல் வரும், ஆனால் ரயில் ஒரு குலுக்குக் குலுக்கினால் போய்விடும். சாலிடரிங் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் பின்னை வெட்டிவிட்டு மூன்று பகுதிப் பின் போடலாம். பெரும்பாலும் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, வெறும் செம்புநிறம் கிரவுண்ட். அந்த ஒயர் மேல் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் இருக்கும், அதை ஈயச் சூட்டில் எரிக்காமல் ஒட்டினால் ஒட்டாது. எத்தனையோ பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

பாஸ்பாண்டி:

பெரியவரே, தோற்றேன். 990-ஐ வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன் அக்கா: ஆம்ப் என்பது 300 ஓம் மாதிரி ஹெட்போனுக்குத்தான். சின்ன இயர்போனெல்லாம் பெரும்பாலும் 16 அல்லது 32 ஓம், தீப்பெட்டிப் பிளேயரே தாராளமாகத் தள்ளும். அட்டைப்பெட்டியில் போட்டிருப்பான், பார்த்து வாங்குங்கள்.

ரயில்டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. மைக் இல்லாத, காதுக்குள் செருகுகிற மாதிரி இயர்போன் 850 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன். 16 ஓம் என்று போட்டிருக்கிறது. எல்லாரும் பாடுகிறார்கள்!

ஆசை யாரை விட்டது. இப்போது வேறு குறை. வீட்டில் நன்றாக இருப்பது ரயிலில் சவசவ என்று ஆகிவிடுகிறது. தவிலில் கனம் இல்லை, டப்பாவைத் தட்டுவது போல இருக்கிறது. அதைச் சரிக்கட்ட பிளேயரின் வால்யூம் எண்ணை 85-க்கு ஏற்றினால் நாகஸ்வரம் காதைக் குத்துகிறது. பாஸ் பூஸ்ட் போட்டால் கரகரவென்று உடைகிறது. வலது காதில் சத்தம் கொஞ்சம் குறைச்சலோ என்றும் சந்தேகம்.

அப்பாவின் பதிவுகளும் பாட்டுகளோடு ஒப்பிட்டால் மங்கலாக இருக்கின்றன. அது கேசட்டின் தலையெழுத்தா, ஏதாவது செய்ய முடியுமா?

நைட்ஷிப்ட்:

சகோதரி, ரயில் விஷயம் என்னுடையது. கத்தாரில் எரிவாயு ஆலையில் கம்ப்ரெசர் பக்கம் ஒன்பது வருடமாக வேலை. வேலை நேரத்தில் காதடைப்பான் கட்டாயம், பாட்டெல்லாம் கிடையாது. ஆனால் சத்தத்துக்கு நடுவில் காது என்ன செய்யும் என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

ரயிலின் சத்தம் பெரும்பகுதி அடிச்சத்தம், கடகடவென்று. அது பாட்டின் அடிச்சத்தத்தைத்தான் முதலில் விழுங்கும். அதனால் தவில் டப்பாவாகிறது, நாகஸ்வரம் தப்பிக்கிறது. வால்யூமை ஏற்றினால் இரண்டும் ஏறும், குத்தல்தான் மிச்சம். அதனால் ரயில் சத்தம் உள்ளே வராமல் தடுக்கப் பாருங்கள்.

பெட்டிக்குள் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி ரப்பர் மூடி இருந்திருக்கும். மாட்டி வந்ததையே வைத்திருப்பீர்கள், எல்லோரும் செய்வதுதான். ஒரு சோதனை: பாட்டு ஓடும்போது இரண்டு விரலால் இயர்போனை மெல்ல உள்ளே அழுத்துங்கள். அடிச்சத்தம் சட்டென்று கூடினால், அதுவரை காற்று கசிந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். எவ்வளவு விலை இயர்போனாக இருந்தாலும் ஊசிமுனை அளவு கசிந்தால் அடிச்சத்தம் ஓடிவிடும். இரண்டு காதும் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்று சட்டம் இல்லை. எனக்கு இடது பக்கம் பெரியது, வலது பக்கம் நடுத்தரம். மாட்டும்போது மற்ற கையால் காதை மேலேயும் பின்னாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு செருகுங்கள், வழி நேராகும். ரப்பர் எதுவும் சரிப்படவில்லை என்றால் நுரை மூடி வாங்குங்கள், காதடைப்பான் மாதிரியே உருட்டிச் செருகினால் உள்ளே விரிந்துகொள்ளும். சில மாதத்தில் பிய்ந்துபோகும், அதுதான் அதன் குறை.

வலது காது சந்தேகத்துக்கு: இயர்போனை இடம் மாற்றி, வலதை இடதிலும் இடதை வலதிலும் போடுங்கள். குறைச்சல் கூடவே மாறினால் கோளாறு இயர்போனில். அதே காதில் நின்றால் மூடியின் அளவு, அல்லது காதில் அழுக்கு. (சில சமயம் பதிவிலேயே இருக்கும், அப்போது மற்றொரு பாட்டில் தெரிந்துவிடும்.) நாள்பட்ட இயர்போனில் வலைமீது மெழுகு அடைத்துக்கொள்ளும். வலை கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு காய்ந்த பல்துலக்கும் பிரஷால் தட்டிவிட வேண்டும். ஊசி போட்டுக் குத்தினால் வலை உள்ளே போய்விடும், நான் செய்து பார்த்தாயிற்று.

கடைசியாக, வால்யூமை 85-இல் வைத்துக் கேட்காதீர்கள். (அது பிளேயரின் எண், டெசிபல் இல்லை.) உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். நீங்கள் ரயிலில் மட்டும் தினமும் ஒன்றரை மணி நேரம் கேட்கிறீர்கள், ஆறு நாள் பள்ளி என்றால் ஒன்பது மணி நேரம். என்னோடு வேலை பார்த்த இரண்டு பேருக்குக் காதில் 'ங்ஙொய்' என்ற சத்தம் வந்து நிற்கவே இல்லை.

கேசட்காரர்:

நைட்ஷிப்ட் தம்பி சொன்னதை முதலில் செய்யுங்கள். அதற்குப் பிறகும் நாகஸ்வரம் குத்தினால் ஈக்வலைசர். எல்லோரும் ஏற்றத்தான் பார்க்கிறார்கள், நீங்கள் இறக்குங்கள். பாட்டு ஏற்கெனவே உச்சம் வரை நிரம்பி இருக்கிறது, அதன்மேல் பாஸை 10, 12 டெசிபல் ஏற்றினால் நிறைகுடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். கரகரப்பு அதனால்தான். குத்துவது பெரும்பாலும் 2 கிலோஹெர்ட்ஸிலிருந்து 4 வரை. காதுக்குழாயே 3 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கணீரென்று ஒலிக்கும்படி அமைந்தது, நாகஸ்வரமும் அங்கே பலமாக நிற்கும் வாத்தியம். அந்தப் பட்டையை 3 டெசிபல் இறக்கிவிட்டு, வால்யூமை இரண்டு புள்ளி ஏற்றிக்கொள்ளுங்கள். தவில் தானாக முன்னே வரும். பாஸ் பூஸ்டை அணைத்துவிடுங்கள்.

இப்போது அப்பா கேசட். கேட்டதுமே எனக்குக் கை துறுதுறுவென்றது.

கேசட்டில் டேப் ஒரு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் ஓடும், அவ்வளவு மெதுவு. அதனால் டேப்பைத் தொட்டுப் படிக்கும் ஹெட், டேப்புக்கு நெட்டுக்குத்தாக நிற்கும் கோணம் மயிரிழை பிசகினாலும் உயர்ந்த ஒலி மங்கிவிடும். அப்பாவின் டூ-இன்-ஒன் என்ன கோணத்தில் பதிந்ததோ, அதே கோணத்தில் படித்தால்தான் முழுசாக வரும். உங்களுக்கு மாற்றிக் கொடுத்தவர்கள் தங்கள் கேசட் டெக்கின் கோணத்திலேயே 41-ஐயும் ஓட்டியிருப்பார்கள். நாகஸ்வரத்தின் சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல்) நறநறப்பு, தவிலில் விரல் கூடு பட்ட 'டக்' இரண்டும் முதலில் போகும்.

முதலில் செலவில்லாத வழி. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து இரண்டு பக்கத்தையும் பிரித்துத் தனித்தனியாகக் கேளுங்கள். தெளிவாக இருக்கும் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிவிடுங்கள். இரண்டையும் சேர்த்து மோனோ ஆக்க வேண்டாம். கோணம் பிசகினால் இரண்டு பக்கமும் ஒரு நூலளவு முன்பின்னாக இருக்கும், சேர்த்தால் இன்னும் மங்கும். இரைச்சல் நீக்கி என்று ஒன்று அதில் இருக்கிறது, அதைத் தொட்டும் தொடாமலும் போடுங்கள். அதிகம் போட்டால் நாகஸ்வரம் தண்ணீருக்குள் வாசித்தது போல ஆகும். இரைச்சலோடு இருப்பது எவ்வளவோ மேல்.

திருப்தி இல்லையென்றால் மறுபடியும் கேசட்டிலிருந்தே எடுக்க வேண்டும். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்குரூ, பெரும்பாலும் அடியில் ஸ்பிரிங் இருப்பது. டேப் ஓடும்போதே, மோனோவில் (பிசகு அதில்தான் நன்றாகத் தெரியும்) கேட்டுக்கொண்டு, மெலிந்த ஸ்குரூடிரைவரால் மயிரளவு திருப்பினால் ஒரு இடத்தில் சத்தம் கண் திறந்த மாதிரி ஆகும். அங்கே விட்டுவிட வேண்டும். நான் ஒவ்வொரு வாடிக்கையாளர் கேசட்டுக்கும் இதைச் செய்தேன், கடையில் என் ஸ்டூலுக்குப் பெயரே 'திருகு ஸ்டூல்'. பதிவதற்கு முன் கேசட்டை ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுற்றுங்கள். உள்ளே டேப்பை ஹெட்டோடு அழுத்தும் குட்டிப் பஞ்சு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள், டெக்கும் கெடும், அடுத்த கேசட்டும் கெடும்.

44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் போதும், சிடி அளவு. அந்தக் காலத்து டூ-இன்-ஒன் மைக்குக்கு அதற்கு மேல் வைப்பது வெற்றிலைப்பெட்டிக்குப் பீரோ வாங்குவது. ஃப்ளாக்காக ஒரு பிரதி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், பிளேயருக்கு எம்பி3. மோனோவுக்கு 128-ஏ தாராளம்.

சும்மாஇரு:

128-ஏ தாராளம் என்று அவரே சொல்லிவிட்டார். நான் போய்த் தூங்குகிறேன்.

ரயில்டீச்சர்:

கணக்குச் சொல்லிவிடுகிறேன். மூடி, இடது நடுத்தரம், வலது சின்னது. அழுத்திப் பார்த்தபோது வலதில்தான் கசிந்தது. வால்யூம் 85-இலிருந்து 52-க்கு வந்துவிட்டது, ரயிலில். நாகஸ்வரத்துக்கு 3 டெசிபல் இறக்கினேன், பிறகு மனசு கேட்காமல் 2 ஆக்கினேன். கொஞ்சம் குத்தினால்தானே நாகஸ்வரம்.

எங்கள் ரயில் நரசிங்கம்பேட்டை வழியாகப் போகும். ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடைகிற ஊர், 2022-இல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது. ஜன்னலில் அந்த ஊர் பெயர்ப்பலகை நகரும்போது காதில் தோடி ராகம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாத்தியமும் இங்கே கடைந்ததாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், யார் கண்டது.

ஆடாசிட்டியில் ஏழு கேசட் பிரித்துவிட்டேன். ஐந்தில் இடது பக்கம்தான் தெளிவு. திருவிடைமருதூர்க் கேசட்டில், தவில் தனி முடிந்து கைதட்டல் அடங்கும் இடத்தில், இதுவரை இரைச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒன்று இப்போது வார்த்தையாகக் கேட்கிறது. அப்பா யாரிடமோ, "பேட்டரி தீரப்போகுது, அந்தக் கடையில நாலு வாங்கிண்டு ஓடி வா" என்கிறார். அதற்குப் பிறகு இரண்டு நிமிடம் சுருதி மெல்ல ஏறிக்கொண்டே போகிறது, அப்புறம் சட்டென்று சரியாகிவிடுகிறது.

ஐயா, அந்தச் சுருதி ஏறும் இடத்தை என்ன செய்வது?

கேசட்காரர்:

பேட்டரி இறங்கினால் டேப் மெதுவாக ஓடிப் பதியும், இப்போது சரியான வேகத்தில் படிக்கும்போது சுருதி ஏறித்தான் கேட்கும். மென்பொருளில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நேராக்க முடியும், ஒரு சாயங்கால வேலை.

நானாக இருந்தால் தொடமாட்டேன். மீதி 34 கேசட்டைப் பாருங்கள். கும்பகோணத்தில்தானே இறங்குகிறீர்கள், ஸ்குரூ திருகுவதற்கு ஆள் வேண்டுமென்றால் தனிச் செய்தி அனுப்புங்கள். டெக் இன்னும் வைத்திருக்கிறேன், பெல்ட் மாற்றி ஆறு மாதம்தான் ஆகிறது.